ரசீது வேண்டாம், வழக்கு வேண்டும்!

காவல் நிலைய வாசலிலே வேப்பமரம். மரத்தடியிலே ஒரு தாய். கையிலே நாலாக மடித்த மனு. காலையில் வந்தவள், கதிரவன் உச்சிக்கு வந்து, சாயவும் தொடங்கிவிட்டான். "ஐயா வெளியே போயிருக்கிறார், உட்கார்" என்ற ஒரே பதில்தான் அவளுக்கு இதுவரை கிடைத்தது. பொழுது சாயும் நேரம் ஐயா வருகிறார். மனுவைப் பார்க்கிறார். ரைட்டரைப் பார்க்கிறார். ஒரு துண்டுச் சீட்டு நீட்டப்படுகிறது. மனு பெற்றுக்கொள்ளப்பட்டதாம்! அதை முந்தானையில் முடிந்துகொண்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறாள் அந்தத் தாய்.

எந்த ஊர் என்று கேட்கிறீர்களா, தோழர்களே? பெரம்பலூரா, வேப்பந்தட்டையா, செந்துறையா, ஜெயங்கொண்டமா? ஊர்ப்பெயரை நாம் சொல்லப்போவதில்லை. கிளைக் கழகத்தில் பத்தாண்டு பணியாற்றிய எவரும் இந்தத் தாயைப் பார்த்திருப்பார். பார்த்ததில்லை என்று சொல்பவர், காவல் நிலையத்தின் முன்வாசல் வழியே போகாமல், ஐயாவின் அறைக்கு நேரே போகிறவராக இருக்க வேண்டும். அவரைப்பற்றிப் பின்னால் பேசுவோம்.

அந்தத் துண்டுச் சீட்டுக்குப் பெயர் சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்தது, பார்க்கிறோம் என்பதற்கு அடையாளம். அது வழக்கு அன்று. அதை நம்பி எந்த நீதிமன்றத்தின் கதவையும் தட்ட முடியாது. வழக்கு என்பது முதல் தகவல் அறிக்கை. ஏட்டில் எண் போட்டு, நாள் போட்டு, நேரம் போட்டு எழுதி, மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பப்படுவது. எழுதிவிட்டால் அழிக்க முடியாது. எழுதுவதற்குத் தயங்குவதன் காரணமும் அதுதான்.

குற்றத்தைத் தடுக்கச் சர்க்கார் உள்ளூருக்கு என்ன உதவி செய்கிறது என்று கேட்டால், உடனே பட்டியல் வரும். காவல்துறையை நவீனமாக்க 1969-70 முதல் மத்திய சர்க்காரின் திட்டம் ஒன்று நடக்கிறது. ஜீப்பு வந்தது, வயர்லெஸ் வந்தது, கணினி வந்தது, காமிரா வந்தது. வரட்டும்! வேண்டாம் என்று சொல்லும் பைத்தியக்காரர் அல்லர் நாம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் காமிரா இருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றமே 2020 டிசம்பரில் ஆணையிட்டது. ஆனால் ஜீப்பில் ஏறுவது யாருடைய புகாருக்காக? காமிரா பார்ப்பது யார் முகத்தை? அதை முடிவு செய்வது ரைட்டர் மேசைமேல் கிடக்கும் ஒரு பேனா. குற்றத் தடுப்பின் முதற்கருவி அந்தப் பேனாதான் என்பது நம் கட்சி. பெரம்பலூரும் அரியலூரும் அதற்குச் சாட்சி சொல்லும்.

ஆய்தக் கருவிகளைவிடப் பெரிய உதவி ஒன்று இந்த மண்ணுக்குக் கிடைத்தது: அதிகாரி பக்கத்தில் வந்தார். முன்னே மீன்சுருட்டிக்காரன் எஸ்.பி.யைப் பார்க்கவேண்டுமென்றால் திருச்சிக்குப் பேருந்து ஏறவேண்டும். அன்றாடங்காய்ச்சிக்கு ஒருநாள் கூலி போச்சு, வழிச்செலவும் போச்சு. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. செய்தது மாற்றார் ஆட்சி. அதை மறைக்க மாட்டோம். 2001 ஜனவரி முதல் நாள் கலைஞர் ஆட்சி அரியலூரைத் தனி மாவட்டமாக்கியது. ஆட்சி மாறிற்று; 2002 மார்ச்சில் அரியலூர் மாவட்டம் கலைக்கப்பட்டுப் பழையபடி பெரம்பலூரோடு ஒட்டப்பட்டது. 2007 நவம்பரில் கலைஞர் மீண்டும் பிரித்தார். ஒட்டி, வெட்டி, ஒட்டி, வெட்டி! மாவட்டம் என்ன தையற்கடைத் துணியா? ஏழை மனுதாரன் எந்த ஊர்ப் பேருந்தில் ஏறவேண்டும் என்பது, கோட்டையில் யார் அமர்கிறார் என்பதைப் பொறுத்து மாறியது. சுண்ணாம்புக்கல் லாரிகள் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

அதிகாரி அருகில் வந்தார். நீதி அருகில் வந்ததா?

நம் இரு மாவட்டங்களுக்கும் வடக்கே வெள்ளாறு. அக்கரையிலே விருத்தாசலம் வட்டாரம். ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும் ஒரே மக்கள். கொள்வினை கொடுப்பினை எல்லாம் உண்டு. அந்த அக்கரையிலே 1993-ல் குறவர் குலத்து உழைப்பாளி ஒருவரை, நகை திருடினார் என்று சொல்லிக் கம்மாபுரம் காவல் நிலையத்தார் பிடித்துப்போனார்கள். அடித்தார்கள். பிறகு, தப்பி ஓடிவிட்டான் என்றார்கள். ஓடியவர் எங்கே கிடந்தார்? ஆற்றுக்கு இப்பால், நம் மீன்சுருட்டிப் பக்கம், பிணமாக! அவருடைய மனைவி எழுத்தறியாத ஏழை. அவர் பின்னால் நின்றவர்கள் மார்க்சிஸ்டு தோழர்கள். உயர்நீதிமன்றத்தில் வாதாடியவர் பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு. நாம் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். 13 ஆண்டுக்குப் பிறகு, 2006-ல் உயர்நீதிமன்றம் காவல்துறையினரைக் குற்றவாளிகள் என்றது. 2021-ல் 'ஜெய் பீம்' படம் வந்தபோது கண்ணீர் விட்ட நம் தோழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தப் பிணம் கிடந்தது நம் எல்லையில் என்று?

பத்தாண்டு கழித்து, அதே விருத்தாசலம் வட்டாரம். 2003 ஜூலை 8. சாதி கடந்து மணம் புரிந்த இளைஞனையும் இளம்பெண்ணையும் பிடித்து, நஞ்சு புகட்டிக் கொன்று, எரித்தார்கள். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பையன்; பொறியியல் படித்தவன். அவனுடைய தந்தை காவல் நிலையம் போனார். பேனா அசையவில்லை! ஏடுகளில் செய்தி வந்த பிறகே, ஒரு வாரத்துக்கு மேல் கழித்து, வழக்குப் பதிந்தார்கள். பதிந்ததும் எப்படி? மகனைப் பறிகொடுத்த குடும்பத்தைச் சேர்ந்தவர்களையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்து! வழக்கு சி.பி.ஐ. கைக்கு மாறிற்று. கடலூர் நீதிமன்றம் 2021-ல் தண்டனை விதித்தது. 2025 ஏப்ரல் 28-ல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. தண்டனை பெற்றவர்களில் அன்றைய இன்ஸ்பெக்டரும் சப்-இன்ஸ்பெக்டரும் அடக்கம். 22 ஆண்டு! முதல் நாள் மாலையே நாலு வரி எழுதியிருந்தால்?

அக்கரைக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். இக்கரையிலே, அரியலூர் மாவட்டத்திலேயே, 2016 டிசம்பர் கடைசியில் தாழ்த்தப்பட்ட குடும்பத்துச் சிறுமி ஒருத்தி காணாமற்போனாள். 2017 பொங்கலன்று, ஊரெல்லாம் பானை பொங்கிக்கொண்டிருந்த நாளிலே, கிணற்றில் அவள் உடல் கிடைத்தது. காவல்துறை உடனே முனையவில்லை என்பது அந்தக் குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. காணாமற்போன பெண் என்றால், "யாரோடாவது போயிருப்பாள், வந்துவிடுவாள்" என்று சொல்லும் வாய் நம் ஊர்களில் இன்னும் அடைபடவில்லை. காக்கி உடுத்தியவர் மட்டுமா சொல்கிறார்? திண்ணையில் இருப்பவரும் சொல்கிறார்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது? பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால், வழக்குப் பதிந்தே ஆகவேண்டும்; விருப்பம் போல் விசாரித்துப் பார்த்துப் பதிவது என்ற பேச்சே இல்லை. இது 2013 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் லலிதா குமாரி வழக்கில் சொன்னது. குடும்பத் தகராறு, வணிக வழக்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் சிறு விலக்கு. பெண்ணுக்கு இழைத்த கொடுங்குற்றங்களைப் பற்றிய புகாரை எழுத மறுக்கும் அதிகாரிக்கே சிறை உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. அதன் 4-ஆம் பிரிவு, வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. சட்டப் புத்தகத்தில் இத்தனை இருந்தும், மேசைமேல் ரசீதுப் புத்தகம்தான் முதலில் திறக்கிறது!

2024 ஜூலை முதல் புதுச் சட்டங்கள் வந்திருக்கின்றன. பெயரைச் சொல்லிப் பாருங்கள்: பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம். நாக்குச் சுளுக்கிக்கொண்டால் வைத்தியச் செலவு யார் தருவார்? பெரம்பலூர் சின்ன வெங்காயக் காட்டில் களை பறிக்கும் அம்மையின் கழுத்தைக் காக்க வந்த சட்டத்தின் பெயர், அந்த அம்மையின் வாயில் நுழையாது! 1965-ல் நாம் எதை எதிர்த்தோமோ அது இப்போது சட்டப் புத்தகத்தின் அட்டை வழியாக உள்ளே நுழைகிறது. இந்தச் சட்டங்களில் செய்யவேண்டிய மாநிலத் திருத்தங்களை ஆராயத் தமிழ்நாட்டு அரசு 2024 ஜூலையில் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது.

பெயர் இருக்கட்டும், உள்ளே என்ன? நல்லதும் உண்டு, நேர்மையாகச் சொல்வோம். 173-ஆம் பிரிவின்படி, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று விரட்ட முடியாது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். ஆனால் அதே பிரிவிலே ஒரு சந்தும் வைத்திருக்கிறார்கள். மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமானால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் வரை 'முதற்கட்ட விசாரணை' நடத்தலாமாம். பதினான்கு நாள்! கிராமத்திலே ஒரு சாட்சியை மிரட்டப் பதினான்கு மணி நேரம் போதாதா? 2013-ல் நீதிமன்றம் அடைத்த சந்தை 2024-ல் மறுபடி திறந்துவிட்டார்கள்.

இன்னொன்று. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் நடந்த இடத்துக்குத் தடய அறிவியல் நிபுணர் வந்தே ஆகவேண்டும் என்கிறது புதுச் சட்டம். நல்ல விதி. நிபுணர் எங்கே? வண்டி எங்கே? சம்பளம் யார் தருவது? காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. குற்றச் சட்டம் பொதுப் பட்டியலில் உள்ளது. விதி எழுதுவது டில்லி, விலை கொடுப்பது சென்னை! 1969-ல் ராஜமன்னார் குழுவைக் கலைஞர் ஏன் அமைத்தார் என்பதற்கு விளக்கவுரை வேண்டுமானால், இதை எடுத்துக்கொள்ளலாம்.

சரி, பேனாவைத் தடுப்பது யார்? ஏட்டையாவா? அவரைத் திட்டுவது எளிது. அவரும் உழைப்பாளி, பந்தோபஸ்து, சம்மன், திருவிழா, அமைச்சர் வருகை என்று உறங்காமல் அலைகிறவர். தமிழ்நாட்டின் முதல் போலீஸ் கமிஷனை 1969-ல் கழக ஆட்சி அமைத்ததே, அந்தக் காக்கிக்குள் இருப்பவனும் மனிதன் என்பதால்தான். காவலருக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்று ஆணை வந்தது 2021-ல். அதாவது, மற்றத் தொழிலாளி போராடிப் பெற்று எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு! எழுதினால் வழக்கு எண்ணிக்கை கூடும்; கூடினால் மேலிடம் "உன் எல்லையில் குற்றம் பெருகிவிட்டதே" என்று கேட்கும். ஆகவே எழுதாதே! குற்றம் குறைந்தது என்று கணக்குக் காட்ட இதைவிட மலிவான வழி உண்டா? எந்த ஆட்சியானாலும் இந்தக் கணக்கைக் கேட்பதை நிறுத்தவேண்டும். எழுதப்பட்ட புகார் கூடிய காவல் நிலையத்தைப் பாராட்டவேண்டும். பண உதவியைவிட முந்தித் தரவேண்டிய உதவி அது; செலவும் இல்லை.

பேனாவைத் தடுக்கும் இரண்டாவது கை ஊர்ப் பெரியதனம். "நமக்குள்ளே பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று வரும். நமக்குள்ளே என்றால் யாருக்குள்ளே? அடித்தவனும் பஞ்சாயத்தாரும் ஒரே தெரு. அடிபட்டவன் மட்டும் வேறு தெரு.

மூன்றாவது கை? இங்கேதான் நமக்கு எழுதக் கை நடுங்குகிறது. கரைவேட்டி கட்டிய கை அது. முன்னே சொன்னோமே, ஐயாவின் அறைக்கு நேரே போகிறவர் என்று. அவரேதான்! ஒரு தொலைபேசி, ஒரு சிபாரிசு, "நம்ம பையன்தான், பார்த்துக்கொள்ளுங்கள்." மாற்றார் கட்சியிலும் இது உண்டு என்று சமாதானம் சொல்லலாம். சொல்லிவிட்டுத் தூங்கலாம். 2023 அக்டோபர் 30 அன்று பெரம்பலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலே என்ன நடந்தது? கல்குவாரி ஏலத்துக்கு விண்ணப்பம் போடவந்த மாற்றுக் கட்சியினர் தாக்கப்பட்டனர். பணியில் இருந்த அதிகாரிகளும் தாக்குதலுக்கு ஆளாயினர். வழக்குப் பதிவாயிற்று, கைதானவர்கள் நம் கட்சிக்காரர்கள். குற்றவாளியா, இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் முந்திக்கொள்ள மாட்டோம். ஆனால் மாவட்டத்தின் தலைமை அலுவலகத்துக்குள்ளேயே அப்படி ஒரு நாள் நடந்தபிறகு, வேப்பமரத்தடித் தாய்க்குச் சட்டம் உன் பக்கம் என்று எந்த முகத்தோடு சொல்வது? 1953-ல் கள்ளக்குடியிலே தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த இயக்கம் இது. அதிகாரத்தின் தடியை முதுகில் வாங்கியவர்களின் பிள்ளைகள், அதே தடியைக் கல்குவாரிக்காகக் கையில் எடுப்பதா?

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் மாண்டபோது நாம் எதிர்க்கட்சி. முழங்கினோம், முழங்கியது சரிதான். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர், நகை காணவில்லை என்ற புகாரில் தனிப்படையிடம் சிக்கி மாண்டபோது, ஆட்சியில் இருந்தது நாம். முதலமைச்சர் அந்தத் தாயிடம் வருத்தம் தெரிவித்தார், வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கேட்ட கேள்வியைக் கவனியுங்கள், தோழர்களே: வழக்கே பதியாமல் தனிப்படை விசாரித்தது எப்படி? 1993-ம் 2025-ம் இங்கே கைகோக்கின்றன. இரண்டும் நகைத் திருட்டுப் புகார்தான். எழுதப்படாத புகார், புகார் கொடுத்தவனை மட்டும் கைவிடுவதில்லை, பிடிபட்டவனையும் கொல்கிறது. எழுதிவிட்டால் அவன் கைதி. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன்னே நிறுத்தவேண்டும். எழுதாவிட்டால் அவன் யாருமில்லை!

ஆகவே வேலை ஒன்று இருக்கிறது, நமக்கே உரிய வேலை. காவல் நிலையத்துக்குப் போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போங்கள், ஐயாவின் அறைக்கு அல்ல, வேப்பமரத்தடிக்கு. அந்தத் தாயின் மனுவைப் படித்துப்பாருங்கள். நாளும் நேரமும் பெயரும் சரியாக எழுதிக்கொடுங்கள். ரசீது கொடுத்தால், வழக்கு எண் கேளுங்கள். நகல் கேளுங்கள். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால்; அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். இரண்டுக்கும் 173-ஆம் பிரிவு வழி செய்கிறது. எதிர்த்தரப்பில் நிற்பவன் கழகத்தானாக இருந்தாலும் எழுதிக்கொடுங்கள். அங்கேதான் உங்கள் கொள்கை தெரியும்.

வக்கீலுக்குப் பணம்? பெரம்பலூரிலும் அரியலூரிலும் நீதிமன்றங்களை ஒட்டி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், காவலில் இருப்பவருக்கும் அங்கே வக்கீல் இலவசம். ஆலைத் தொழிலாளி என்ற சொல்லைச் சிமெண்டு ஆலைத் தோழர்கள் இன்னொருமுறை படிக்கவேண்டும். பலருக்கு இது தங்கள் உரிமை என்றே தெரியாமல், வட்டிக்கு வாங்கி வக்கீலுக்குக் கட்டுகிறார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் திட்டத்துக்கும் விண்ணப்பம் அதே அலுவலகத்தில்தான்.

வளைகுடாவில் வியர்வை சிந்துகிற பிள்ளை அனுப்பும் பணத்தை, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டி ஒரே தொலைபேசியில் உருவிவிடும் திருடர் கூட்டம் வேறு இப்போது கிளம்பியிருக்கிறது. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. வேப்பந்தட்டை, வி.களத்தூர், லப்பைக்குடிக்காடு பக்கத்துப் படிப்பகங்கள் இதைத் தனியாகக் கவனிக்கவேண்டும். பணம் போன மணி நேரத்திலேயே சொன்னால், வங்கியில் நிறுத்திவைக்க வழி உண்டு. மறுநாள் காலை பார்க்கலாம் என்றால் பறந்துவிடும்.

படிப்பகச் சுவரில் தலைவர்களின் படத்துக்குக் கீழே இடம் இருக்கும். பெரிய எழுத்தில் இவற்றை எழுதிப்போடுங்கள்: அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, பணமோசடிக்கு 1930. அதற்குப் பக்கத்திலே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தின் முகவரியைக் கேட்டு வந்து எழுதுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில், சென்ற மாதம் எத்தனை மனு எழுதிக்கொடுத்தோம், அதில் எத்தனைக்கு வழக்கு எண் வந்தது, எத்தனை ரசீதோடு நின்றது என்ற கணக்கை, வரவு செலவுக் கணக்கோடு சேர்த்து வாசியுங்கள்.